கீழே போனால் நீலக்கல் வரும் என்றேன்

1. இருபத்தைந்து அடி

மார்கழி மாதம், காலை எட்டு மணி இருக்கும். திருக்கோகர்ணத்தில் மாடியில் இருக்கும் என் கல் பரிசோதனை லேபைத் திறந்து, மைக்ராஸ்கோப்பின் மேல் போட்டிருந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வேலம்பாறை பெண்கள் குவாரிக் குழுவின் லீடர் ஆரோக்கியமேரி.

"மேடம், இருவத்தஞ்சு அடி போயாச்சு. இன்னும் பச்சையாத்தான் இருக்கு."

"பழுப்பு போயிடுச்சா?"

"பழுப்பு பத்தடியிலயே போயிடுச்சு மேடம். அன்னைக்கே போன் பண்ணிச் சொன்னேனே. நீங்கதான் இன்னும் பத்தடி போங்கன்னீங்க."

அப்படித்தான் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னல் காற்றில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் சொன்ன பதில் அது. இந்த முறை அடிக்கணக்கு சொல்லவில்லை. "நான் வாரேன், யாரும் உள்ளே இறங்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன்.

ஜியாலஜிஸ்டாக நான் வேலை பார்த்தது முப்பத்தொரு வருஷம். அதில் நான் செய்த பெரிய தப்பு முதல் வருஷத்தில் நடந்ததல்ல, இருபத்தொன்பதாவது வருஷத்தில் நடந்தது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முதல் வருஷத் தப்புக்குத்தான் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் இருக்கும்வரை ஒரு கல்லை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்போம். அது போன பிறகுதான் ஆபத்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. மஞ்சள் அடித்த சிலைடு

வேலம்பாறை, அன்னவாசலைத் தாண்டி ஒரு வெட்டவெளியில் கிடக்கும் தாழ்ந்த பாறை. மேரியும் இன்னும் பத்துப் பெண்களும் பல வருஷம் வேறொருவர் குவாரியில் கூலிக்கு ஜல்லி உடைத்தவர்கள். மனு மேல் மனு போட்டு, அலைந்து திரிந்து, அந்தப் பாறையில் ஒரு பகுதியைத் தங்கள் பெயரில் குத்தகைக்கு வாங்கியிருந்தார்கள். வருஷ முடிவுக்குள் ஒழுங்காகக் கல் எடுத்துக் காட்டாவிட்டால் குத்தகையைப் புதுப்பிப்பது கஷ்டம் என்று கனிமவளத் துறை அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். குத்தகை போனால் பதினோரு பேரும் மறுபடி கூலிக்குத்தான் போக வேண்டும்.

அவர்கள் கல்லைக் கிரஷர்க்காரர் இரண்டு லோடு எடுத்துவிட்டு மூன்றாவது லோடைத் திருப்பி அனுப்பிவிட்டார். மிஷினில் போட்டால் ஜல்லியாக வராமல் மாவாகப் போகிறதாம். அதற்கப்புறம்தான் மேரி என்னிடம் வந்தார். அது ஆவணி மாதம்.

நான் போய்ப் பார்த்தேன். மேலே நின்று பார்த்தேன் என்பதுதான் சரி. முழங்கால் வலி, உச்சி வெயில், சாயங்காலம் வேறு இடத்தில் ஒரு மீட்டிங். பாறையின் வடமேற்குப் பக்கம் அவர்கள் வெட்ட ஆரம்பித்திருந்த குழி எட்டடி ஆழம் இருந்தது. ஓரமெல்லாம் துரு ஏறிய பழுப்பு. கையால் கிள்ளினால் உதிர்கிறது. எனக்கு அது பழகிய காட்சி. இந்த மாவட்டத்தில் நான் பார்த்த எத்தனையோ குவாரிகளில் மேலே பழுப்பு, கீழே ஜல்லிக்கு ஏற்ற நீலக்கல். வெயிலும் மழையும் மேலிருந்து கல்லைத் தின்கின்றன, வெதரிங் என்போம். அந்தத் தோலைத் தாண்டினால் உள்ளே கெட்டியான நல்ல கல் இருக்கும்.

குழுவில் மூத்தவர் செல்லாயி. சம்மட்டி பிடித்துப் பிடித்து வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அவர் தென்கிழக்கே கையைக் காட்டி, "அங்கிட்டு கல்லு சம்மட்டியைத் திருப்பி அடிக்கும் மேடம். நாங்க அந்தப் பக்கம் போறதில்ல. இங்கிட்டு சுளுவா ஒடையுதேன்னுதான் இங்க ஆரம்பிச்சோம்" என்றார்.

அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி.

செல்லாயி பார்த்துக்கொண்டிருக்க, ஓரத்திலிருந்து ஒரு கல்லை நானே எடுத்து வந்து சிராஜிடம் கொடுத்தேன். சிராஜ் என் லேபில் சிலைடு செய்பவர். கோட்டைப்பட்டினத்துக்காரர், அப்பா காலம்வரை கடல் தொழில். "வாப்பா வஞ்சிரத்தைத் துண்டு போட்டாக. நான் பாறையைத் துண்டு போடுறேன். எனக்குத்தான் செதில் கிடையாது" என்று சிரிப்பார். கல்லை மெல்லிய துண்டாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். தலைமுடியைவிட மெலிசு. அந்த மெலிசு வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மைக்ராஸ்கோப்பின் போலரைஸ்டு வெளிச்சத்தில், கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் கனிமம் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் சரியான கனம். மஞ்சளாகத் தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

"மேடம், குவார்ட்ஸ் மஞ்சள் அடிக்குது. இன்னும் அரை மணி நேரம் குடுங்க" என்றார்.

"போதும் சிராஜ், குடுங்க. வெதரிங்தானே, அதுக்கு இது போதும்."

பார்க்கும் முன்பே பதில் தெரிந்துவிட்டது எனக்கு. தடித்த சிலைடில் பச்சையும் பழுப்பும் ஒன்றாக இருண்டு தெரிந்தன. நான் எதிர்பார்த்தது பழுப்பு, அதனால் பழுப்பையே பார்த்தேன். அன்று சாயங்காலமே அறிக்கை எழுதிக் கொடுத்தேன்: மேற்பரப்புச் சிதைவு, பன்னிரண்டடிக்குக் கீழே தரமான கல் கிடைக்கும்.

மேரி அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கிப் போனார்.

3. சோப்புச் சுவர்

போன் வந்த அன்று சிராஜ்தான் பைக்கில் கூட்டிப் போனார். நாங்கள் போனபோது பதினோரு பேரும் குழிக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழுந்து வந்து வரவேற்கவில்லை. தப்பில்லை.

இந்த முறை நான் இறங்கினேன். ஏணியில் ஒவ்வொரு படிக்கும் முழங்கால் என்னைத் திட்டியது. முதல் பத்தடி பழுப்பு. அதற்குக் கீழே பழுப்பு சுத்தமாக இல்லை. துருவும் இல்லை, களிமண்ணும் இல்லை. கல் முழுக்க மங்கிய பச்சை. சுவரில் கையை வைத்தேன். வழுக்கியது, சோப்பைத் தொட்டது போல. பச்சையான வழுவழுப்புப் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழியை நோக்கிச் சரிந்து இறங்கின. நடுவே பாசிப்பயறு நிறத்தில் ஒரு நரம்பு ஓடியது. அது சுடுநீர் ஓடிய இடத்தில் வரும் எபிடோட் என்று கல்லூரி முதல் வருஷத்துப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இது மேலிருந்து வந்த மாற்றம் இல்லை. கீழிருந்து வந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீலக்கல் என்று எங்கள் பக்கம் சொல்கிற சார்னக்கைட், பூமிக்குள் வெகு ஆழத்தில் பெருஞ்சூட்டில் உருவானது. அந்த இடத்தில் தண்ணீர் ஏறக்குறைய கிடையாது. அதனால் அதில் பைராக்ஸீன் என்ற தண்ணீர் கலக்காத கெட்டிக் கனிமம் இருக்கும். பிறகு எந்தக் காலத்திலோ பாறை மேலே எழும்பி வரும்போது ஒரு பட்டையில் நசுங்கி வழுக்கியிருக்கிறது. அந்த நசுங்கல் வழியாக ஆழத்திலிருந்து சுடுநீர் ஏறியிருக்கிறது. தண்ணீர் கிடைத்ததும் பைராக்ஸீன் ஓரத்திலிருந்து ஹார்ன்பிளெண்டாக மாறும். சூடு குறையக் குறைய அது பயோடைட் ஆகும், பயோடைட் குளோரைட் ஆகும். வெளுத்த ஃபெல்ட்ஸ்பார் கனிமத்துக்குள் பொடிப் பொடி மைக்கா முளைக்கும். கடைசியில் வருகிற குளோரைட்தான் இந்தப் பச்சை. ஏடு ஏடாக உரியும், வழுக்கும். கிரஷரில் மாவாகப் போனது இதுதான்.

பட்டை ஏறக்குறைய செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. இருபத்தைந்தடி இல்லை, இருநூறடி போனாலும் பச்சைதான். மென்மையான கல் என்பதால்தான் அந்த இடத்தில் வெயிலும் மழையும் சுலபமாக உள்ளே போய் மேலே பத்தடிக்குப் பழுப்பு பிடித்திருக்கிறது. உடைக்கச் சுளுவாக இருந்ததும் அதனால்தான். நான் மேலே இருந்த பழுப்பைப் பார்த்துவிட்டு அதற்கடியில் இருந்த பச்சையை விட்டுவிட்டேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் என் காலை விடவில்லை, பதினோரு பேர் காலை விட வைத்தேன். அதுவும் குழியை நோக்கிச் சரிந்து நிற்கும் வழுக்குப் பலகைகளுக்கு அடியில் நாலு மாதம். மேலே ஏறி வந்ததும் முதலில் சொன்னது இதுதான்: "இனி இந்தக் குழிக்குள்ள ஒருத்தரும் இறங்கக் கூடாது. சுவர் சரியும்."

"அப்ப நல்ல கல்லு?" என்றார் மேரி.

"நாளைக்கு வந்து சொல்றேன் மேரி. ஒரு நாள் குடுங்க."

அந்த ஒரு நாளைக் கேட்டது பாதி வேலைக்காக, பாதி கோழைத்தனத்தால். இந்தக் கணக்கில் எது கூட என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

4. வெள்ளை

லேபுக்கு வந்ததும் சிராஜ் குழியின் அடியிலிருந்து எடுத்த கல்லை அறுக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் தேய்த்தார். இரண்டு மணி நேரம் தேய்த்தார். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், யானைக்கும் அடி சறுக்கும்."

"யானைக்கு அடி சறுக்கினா யானைதான் விழும் சிராஜ். இதுல பள்ளத்தில கிடந்தது அவங்க."

அவர் சிலைடைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடி தேய்த்தார். கடைசியில் குவார்ட்ஸ் சுத்த வெள்ளையாகத் தெரிந்தது.

அந்தச் சிலைடு அழகாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. ஒரு மூலையில் ஒரே ஒரு பைராக்ஸீன் மிச்சம் இருந்தது. அதைச் சுற்றி ஹார்ன்பிளெண்ட், அதை அரித்துக்கொண்டு பயோடைட், பயோடைட்டின் ஏடுகளுக்கு நடுவே பச்சைக் கோடுகளாகக் குளோரைட். பாறைக்கு என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது என்பதெல்லாம் அரை அங்குலத்துக்குள் இருந்தது. ஆவணி மாதத்துச் சிலைடை எடுத்து மறுபடி பார்த்தேன். அதிலும் இருந்தது. இருட்டாக இருந்தாலும் தேடினால் கிடைத்திருக்கும். அன்று அரை மணி நேரம் பொறுத்திருந்தால் போதும்.

தப்பிக்க எனக்கு ஒரு வழி இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர்கள் கொடுத்த சாம்பிள் மேல் ஓரத்துக் கல், அதனால் முடிவு அப்படி வந்தது என்று சொல்லலாம். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தச் சாம்பிளை எடுத்தது நான்தான் என்பது எனக்கும் செல்லாயிக்கும் மட்டும்தான் தெரியும்.

5. செல்லாயியின் கேள்வி

மறுநாள் குவாரி ஷெட்டில் எல்லோரும் உட்கார்ந்தோம். டீ வந்தது. டீயைக் கையில் வாங்காமலே சொன்னேன்.

"நான் சொன்னது தப்பு. கல்லு மேலேருந்து கெட்டுப்போயிருக்குன்னு நினைச்சேன். அது கீழேருந்து மாறி வந்திருக்கு. கீழே போனா நல்ல கல்லு வராது. உங்க நாலு மாச உழைப்பு வீணாப் போனதுக்கு நான்தான் காரணம்."

பின்னால் இருந்த ஒருவர், "அன்னைக்கே பாறை ஒடைக்கிற எங்களைக் கேட்டிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மேரி கண்ணைத் துடைத்தார். அழுகையா கோபமா என்று தெரியவில்லை.

"சரி, இப்ப என்ன செய்யணும்?" என்றார்.

"பக்கவாட்டுல போகணும். இந்தப் பச்சைப் பட்டை தென்மேற்கேருந்து வடகிழக்கே ஓடுது. அதைக் குறுக்க தாண்டி தென்கிழக்கே போனா நீலக்கல்லு இருக்கும்."

அப்போதுதான் செல்லாயி வாயைத் திறந்தார்.

"இருக்கும்ங்கிறீங்க. அன்னைக்கும் இதே மாதிரிதான் இருக்கும்னீங்க. அன்னைக்கும் நாங்க நம்புனோம். இப்ப ஒங்களை எதை வச்சு மேடம் நம்பறது?"

என் தொழிலில் பெரிய பெரிய அதிகாரிகள் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. சிலைடைக் காட்டலாமா என்று நினைத்தேன். அதில் அவர்கள் என்னத்தைப் பார்ப்பார்கள்? மறுபடியும் என் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கும். அது ஒரு தடவை கெட்டுப்போன கண்.

"என்னை நம்ப வேண்டாம்" என்றேன். "நீங்களே பாருங்க. சம்மட்டியை எடுத்துக்கிட்டு வாங்க."

6. இருபத்திரண்டு சில்லு

குழியின் ஓரத்திலிருந்து தென்கிழக்கே, பட்டைக்குக் குறுக்காக, எல்லைக்கல்வரை ஒரு கயிறு பிடித்தோம். ஐந்து எட்டு வைத்ததும் ஒரு தடவை நின்று, பழுப்பைத் தள்ளி, அதற்குள் துரு ஏறாமல் மிச்சம் இருக்கும் கட்டியிலிருந்து ஒரு சில்லு எடுக்க வேண்டும். செல்லாயிதான் அடித்தார். ஒரு பெண் சில்லை எடுத்துப் போய், பிரித்துப் போட்ட சிமென்ட் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார். சிராஜ் சுண்ணாம்புக்கட்டியால் நம்பர் எழுதினார். நான் காம்பஸைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

ஒன்றிலிருந்து ஏழுவரை ஒரே பச்சை. எட்டில் கறுப்பு மினுமினுப்பு கலந்தது. "இது என்ன மேடம், காக்காப்பொன் மாதிரி மின்னுது?" என்றார் மேரி. பயோடைட் என்றேன். பன்னிரண்டில் பச்சை கீற்றுக் கீற்றாக இருந்தது. பதினான்கில் கருங்குச்சிகள் போல ஹார்ன்பிளெண்ட். சுடுநீர் எவ்வளவு தூரம் ஊறிப் போயிருக்கிறது என்பது சாக்கின் மேல் அப்படியே வரிசையாகக் கிடந்தது. நான் சிலைடில் அரை அங்குலத்தில் பார்த்ததை அவர்கள் எழுபது எட்டு வைத்து நடந்து பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் பார்த்ததுதான் தெளிவு.

பதினாறாவது இடத்தில் சத்தம் மாறியது. அதுவரை 'தொப்' என்று விழுந்த சம்மட்டி 'ணங்' என்றது. ஆனால் சில்லில் இன்னும் பச்சைப் புள்ளிகள் இருந்தன. பதினேழும் அப்படித்தான். எல்லைக்கல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது. பட்டை எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்வரை போயிருந்தால் இவர்கள் குத்தகைக்குள் நல்ல கல்லே இல்லை என்று ஆகிவிடும். அதைச் சொல்லும் வாயும் என் வாய்தான்.

பதினெட்டாவது இடத்தில் செல்லாயி ஓங்கி அடித்தார். சம்மட்டி துள்ளித் திரும்பியது. அவர் ஒரு எட்டு பின்னால் போய் நின்று, உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, திருப்பி அடிக்குது."

மூன்று அடிக்கப்புறம் ஒரு சில்லு தெறித்தது. நானும் மேரியும் ஒன்றாகக் குனிந்தோம். நீலம். எண்ணெய் தடவியது போன்ற பளபளப்போடு சுத்த நீலக்கல். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று, எல்லைக்கல்லை ஒட்டிய இருபத்திரண்டு, எல்லாமே நீலம். பட்டை குத்தகை எல்லைக்குக் கோணலாக ஓடுவதால் அந்த மூலையில் ஒரு முக்கோணம் முழுக்க நல்ல கல். பெரிய இடம் இல்லை. ஆனால் பதினோரு பேர் பல வருஷம் வெட்டலாம்.

செல்லாயி சாக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து இருபத்திரண்டு சில்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வலிக்குதேன்னு இவ்வளவு நாளா நல்ல கல்லை விட்டுட்டுக் கெட்ட கல்லை ஒடைச்சிருக்கோம்" என்றார். "எங்க தப்பும் இருக்கு மேடம்."

"நீங்க முதல் நாளே சொன்னீங்க செல்லாயி. அங்கிட்டு திருப்பி அடிக்கும்னு. நான் நோட்டில எழுதியிருக்கேன்."

"எழுதுனா மட்டும் போதுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு முதல்முறையாக.

7. எதிர்பாராத காரணங்கள்

வெட்டும் இடத்தை மாற்ற அனுமதி வேண்டும். நாலு மாதம் ஏன் கல் வரவில்லை என்பதற்கும் காரணம் வேண்டும். நிபுணர் ஒருவரின் கடிதம் இருந்தால் அவகாசம் தருவோம் என்று அலுவலகத்தில் மேரியிடம் சொல்லியிருந்தார்கள். மேரி லேபுக்கு வந்தார். நான் அங்கேயே எழுதிக் கொடுத்தேன். 'எதிர்பாராத புவியியல் காரணங்களால்' என்று ஆரம்பிக்கும் கடிதம். இந்தத் தொழிலில் எல்லோரும் எழுதுவதுதான்.

மேரி பிளஸ் டூ படித்தவர். நின்றபடியே வாசித்தார்.

"எதிர்பாராததுன்னா, யாராலயும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாதுன்னு அர்த்தமா மேடம்?"

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அப்படின்னா நாங்களா அவசரப்பட்டு அந்த இடத்துல தோண்டிட்டோம்னு ஆயிடும்ல? பொம்பளைங்களுக்கு என்ன தெரியும், பாறையைக் குடுத்தா இப்படித்தான்னு பேசுவாங்க. மூணாவது லோடு திரும்பி வந்தப்பவே அப்படிப் பேசுனாங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நான் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி நாலாகக் கிழித்தேன்.

சிராஜ் என்னை உள்ளே கூப்பிட்டார். "மேடம், யோசிச்சுக்கங்க. தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா நாளைக்கு எந்தக் குவாரிக்காரரு நம்மகிட்ட வருவாரு? மத்த லேபுக்காரங்க இதை நகல் எடுத்து வச்சுக்குவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அப்படியும் குடுக்கிறதா இருந்தா என் பேரையும் போடுங்க. மஞ்சள் அடிச்ச சிலைடு என் கையால போனது" என்றார்.

"தேய்க்கணும்னது நீங்க. போதும்னது நான்."

புதிதாக எழுதினேன். ஆறே வரி. அந்த இடத்திலேயே இன்னும் கீழே தோண்டச் சொன்னது நான். பாறையில் இருந்த மாற்றம் மேற்பரப்புச் சிதைவு என்று தவறாக முடிவு செய்தேன். அது ஆழத்திலிருந்து வந்த உருமாற்றம். மாதிரியை நான் சரியாக எடுக்கவில்லை, சரியாகப் பார்க்கவும் இல்லை. குழுவினர் என் அறிக்கையை நம்பியே வேலை செய்தார்கள். தென்கிழக்கு மூலையில் தரமான கல் இருப்பதை அவர்களே உடைத்துக் காட்டியிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டு மேரியிடம் கொடுத்தேன்.

மேரி அதை இரண்டு தடவை வாசித்தார். மடிக்காமல் பைலில் வைத்துக்கொண்டு போனார்.

8. ஷெட்டில் மாட்டியது

அவகாசம் கிடைத்தது. மார்ச் முடிவதற்குள் முதல் நீலக்கல் லோடு போனது. கிரஷர்க்காரர் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக்கொண்டார். பச்சைக் குழியைச் சுற்றி வேலி போட்டுவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழையில் அதன் சுவர் ஒரு பக்கம் முழுசாகச் சரிந்து விழுந்தது. அந்தச் செய்தியை மேரி போனில் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு அன்று காலை முழுக்க வேலை பார்க்கவில்லை.

சிராஜ் சொன்னதும் நடந்தது. பழைய வாடிக்கையாளர் மூன்று பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஒருவர் என்னிடம் நேராகவே, "நீங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா நாங்க எங்க மேடம் போறது?" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, லேபை மூடுவதற்கு முந்தின மாதம், சொல்லிவிட்டு வரலாம் என்று வேலம்பாறைக்குப் போனேன். ஷெட்டுக்குள் நுழைந்ததும் சுவரில் என் கையெழுத்து தெரிந்தது. குத்தகை உத்தரவின் நகலுக்கும் மாதா படம் போட்ட காலண்டருக்கும் நடுவே, அந்த ஆறு வரிக் கடிதத்தின் நகலை லேமினேஷன் போட்டு மாட்டியிருந்தார்கள். கீழே ஒரு பலகையில் இருபத்திரண்டு சில்லும் நம்பர் வரிசையில் சிமென்டில் பதித்திருந்தார்கள்.

முகத்தில் அடித்தது போல இருந்தது எனக்கு. போகிறவர் வருகிறவர் எல்லாம் படிக்கட்டும் என்று மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவு கோபம் மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"ஏன் மேரி இதை இங்க மாட்டியிருக்கீங்க?"

மேரிக்கு என் கேள்வியே புரியவில்லை போலிருந்தது.

"கல்லு வாங்க வாரவங்க கேப்பாங்கள்ல மேடம், இது நல்ல கல்லுன்னு யாரு சொன்னாங்கன்னு. இதைக் காட்டுவோம். தப்பாச் சொன்னா தப்புன்னு எழுதிக் குடுக்கிற மேடம் சொன்னாங்கம்போம். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

செல்லாயி பின்னாலிருந்து, "அந்தப் பச்சைச் சில்லையும் தொட்டுப் பாக்கச் சொல்லுவோம். வழுக்கும்ல" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கல் மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. மாற்றம் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று இறங்கிப் பார்ப்பது மீதி வேலை. குவார்ட்ஸ் வெள்ளையாகும்வரை தேய்க்க விடுங்கள். சம்மட்டி பிடிப்பவர் சொன்னதை நோட்டில் எழுதினால் அதைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள்.

முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன். எல்லாம் எந்தெந்த பீரோவிலோ தூசி படிந்து கிடக்கும். ஒருவர் சுவரில் மாட்டிவைத்தது அந்த ஒன்றைத்தான். அன்று அந்த ஷெட்டில் மேரி கொடுத்த டீயைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.